பாதியில் அறுத்த சேலை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவர்களை எழுதச் சொன்னால் என்ன எழுதுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அப்போது ஜீப் கிடையாது, மாத்திரை கிடையாது, ஆனாலும் நாங்கள் மலையைப் புரட்டினோம் என்று ஆரம்பிப்பார்கள். நான் எந்த மலையையும் புரட்டவில்லை. ஒரு வார்த்தையின் மேல் புகார் கொடுக்கத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். ‘ஒத்துழைக்கவில்லை’ என்கிற வார்த்தை.

நம் ஃபைல்களில் அது எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. எழுத சுலபமான வார்த்தை. எழுதிவிட்டால் தப்பு முழுக்க எதிராளியின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும், நாம் டீ குடிக்கப் போகலாம். நானும் எழுதியிருக்கிறேன். எழுதி, கன்னியப்பன் என்ற நெசவாளியைத் திரும்பவும் பூட்டிய கதவுக்குப் பின்னால் அனுப்பப் பார்த்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருடங்கள் அவை. ஆரணியில் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் நடக்கும் மனநல கிளினிக்கில் நான் சமூகப் பணியாளர். நோயாளியின் வீடு, வேலை, மருந்து எல்லாவற்றையும் விசாரித்து ஃபைலில் எழுதுவது என் வேலை. அதோடு கோர்ட் வேலையும் உண்டு. மனம் பேதலித்த நிலையில் குற்றம் செய்த சிலரைக் கோர்ட் ஜெயிலிலும் வைக்காது, ஆஸ்பத்திரியிலும் பூட்டி வைக்காது. குடும்பத்தாரிடம் ஜாமீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பி, இத்தனை நாளைக்கு ஒரு முறை கிளினிக்குக்குப் போய் வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போடும். அந்த ஆள் வருகிறாரா, மருந்து எடுக்கிறாரா என்று கோர்ட்டுக்கு எழுதுவது நான். நான் ஒரு வரி மாற்றி எழுதினால் ஒருவருடைய வீட்டு வாசலில் போலீஸ் வந்து நிற்கும். அந்த அதிகாரத்தை என் கையில் கொடுத்தபோது அது எவ்வளவு கனம் என்று யாரும் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கன்னியப்பன் செய்த குற்றம் வேறு எந்த ஊரிலாவது நடந்திருந்தால் சின்ன வழக்கு. ஆரணியில் அது சின்ன வழக்கு இல்லை. சேலைக்கான நீள நூலுக்குப் பாவு என்று பெயர். அதை விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பதப்படுத்துவார்கள். பக்கத்து வீட்டு ஜெயவேலு அப்படி இழுத்துக் கட்டியிருந்த பட்டுப் பாவை ஒரு நாள் கன்னியப்பன் அரிவாளால் குறுக்கே அறுத்துவிட்டார். அந்த நூல்கள் தன்னைப் பற்றிப் பேசிக்கொள்வதாக அவருக்குக் கேட்டிருக்கிறது. தடுக்க வந்த ஜெயவேலுவின் முழங்கையில் வெட்டு. கேஸ், கைது, பிறகு சென்னையில் பூட்டிய வார்டில் ஏழு மாதம். தேறி வந்த பிறகு, ஒரு வருடம் வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை எங்கள் கிளினிக்குக்கு வர வேண்டும் என்ற உத்தரவோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். தவறினால் திரும்பவும் சென்னை.

முதல் மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. மனைவி தேவகி கூடவே வருவாள். கன்னியப்பன் பெஞ்சின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் என்னிடம், “அந்த வார்டுல ராத்திரியானா வெளிய தாப்பா போடற சத்தம் கேக்கும் மேடம். இன்னும் காதுலயே கீது. எது வேணா செய்றேன், அங்க மட்டும் வேணாம்” என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நாம் எல்லோரும் கெட்டிக்காரர்கள்.

நான்காம் மாதம் டாக்டர் மாத்திரையோடு ஊசியும் சேர்த்தார். மாதத்துக்கு ஒரு ஊசி, மறக்கிற பயம் இல்லை, நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஊசிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சிலருக்கு அது கால்களைச் சும்மா இருக்க விடாது. நின்றால் நடக்கச் சொல்லும், உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்லும். எனக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

அடுத்த ஊசிக்கு வந்தபோது கன்னியப்பன் பெஞ்சில் உட்காரவில்லை. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். வார்டு பாய் இரண்டு முறை அதட்டினான். தேவகி என் மேஜைக்கு வந்தாள்.

“மேடம், இவருக்குக் கால் நிக்கவே மாட்டேங்குது. தறியில உக்காந்தா நாலு இழை ஓட்டறதுக்குள்ள எழுந்துடறாரு. உள்ள எறும்பு ஊறுதுன்றாரு. ஒரே பேஜாரா கீது மேடம்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நோயோட வேகம்மா அது. மருந்து பிடிச்சா அடங்கிடும்” என்றேன். ஃபைலில் ‘அமைதியின்மை அதிகரித்துள்ளது’ என்று எழுதினேன். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. டாக்டர் ஃபைலில் அந்த வரியைப் பார்த்தார், வராந்தாவில் நடக்கிற ஆளைப் பார்த்தார், ஊசியின் அளவைக் கூட்டினார். அவரைக் குற்றம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. அவரிடம் அந்த வரியைக் கொண்டுபோய் வைத்தவள் நான்.

அதற்குப் பிறகு கன்னியப்பன் வரவில்லை. ஒரு முறை, அடுத்த முறையும். இரண்டாவது முறை தேவகி மட்டும் வந்து நின்றாள். “ஊசின்னாலே ஓடறாரு மேடம். வேற மருந்து எதுனா தர முடியுமான்னு டாக்டர கேளுங்களேன்” என்றாள். நோயாளி இல்லாமல் மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பினேன். அன்று மாலையே கோர்ட்டுக்கு எழுதினேன். இரண்டு தேதிகளைப் போட்டு, கீழே அந்த வார்த்தை. சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை.

பத்து நாளில் விசாரணை என்று கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. புகார்தாரர் ஜெயவேலுவுக்கும் ஒரு நகல் போனது.

டாக்டர் தன் அறிக்கையைத் தட்டச்சு செய்து என் மேஜையில் வைத்தார். நோய் திரும்பியிருக்கிறது, உள்நோயாளியாகச் சென்னைக்கு அனுப்பலாம் என்று இருந்தது. அவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு. போடுவதற்கு முன் வீட்டைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது விதி. நான் விதிக்காகத்தான் போனேன், வேறு பெரிய எண்ணம் ஒன்றும் இல்லை.

தெருமுனையில் ஜெயவேலு நின்றிருந்தார். கோர்ட் ஆள் என்று தெரிந்ததும், “எந்த ஊரும்மா நீ?” என்றார்.

“சந்தவாசல்.”

“சந்தவாசல்ல எங்க?”

இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். “காலனி” என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி. அவர் ஒரு கணம் பார்த்தார். “அவன் ஊடு நாலாவது” என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போனார். கையைத் தூக்கியபோது முழங்கையில் அந்தத் தழும்பு தெரிந்தது.

வீட்டுக்குள் கன்னியப்பன் நடந்துகொண்டிருந்தார். கூடத்திலிருந்து சமையல்கட்டுக்கு, சமையல்கட்டிலிருந்து கூடத்துக்கு. சட்டையெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும் நின்றார், நிற்க முடியாமல் மறுபடி நடந்தார். நடந்துகொண்டே பேசினார்.

“நூலு பேசுதான்னு கேக்க வந்தீங்களா மேடம்? பேசல. ஒண்ணும் பேசல. காது நல்லாதான் கீது. காலுதான். இத வெட்டிப் போட்டுட்டா தேவலாம்னு தோணுது.”

அவர் பேச்சில் குழப்பம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். நாள், கிழமை, கோர்ட் தேதி எல்லாம் சரியாகச் சொன்னார். ஆனால் நோய் திரும்புகிறவர்களும் ஒரு மணி நேரம் தெளிவாகப் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். என் முன்னால் இரண்டு பாதை. இது மருந்தின் வேலை என்று நான் நம்பி, அது தப்பாகப் போனால், அடுத்த அரிவாள் முழங்கையோடு நிற்காது. இது நோய் என்று நம்பி அது தப்பாகப் போனால், தெளிந்த புத்தியுள்ள ஒரு மனிதர் தாழ்ப்பாள் சத்தத்துக்குத் திரும்பிப் போவார். பயமாக இருந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

தேவகி என் கையைப் பிடித்துத் தறியிடம் இழுத்துப் போனாள். அவர்கள் நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் ஒவ்வொரு இழையிலும் கோத்து நெய்ய வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து அவர் நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவை, அதாவது குறுக்கு நூல் வைத்த கட்டையை, அவள் வாங்கி விடுவாள். அவர் எழுந்தால் அவள் வேலையும் நின்றது.

“உங்களுக்கு நான் வாயால சொன்னேன், நீங்க கேக்கல” என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். “இத பாருங்க.”

நெய்த துணி சுருட்டியிருந்த மரத்தைத் திருப்பி, துணியைத் தளர்த்திக் காட்டினாள். ஒவ்வொரு நாளும் வேலை முடிக்கும்போது கரை ஓரத்தில் ஒரு சிவப்பு நூலை முடிந்து வைப்பது அவள் பழக்கம், அன்றைக்கு எவ்வளவு நெய்தார்கள் என்று தெரிய. சேலை முடிந்ததும் எல்லா முடிச்சையும் பிரித்துவிடுவாள். ஆரம்பத்தில் முடிச்சுக்கு முடிச்சு ஒரு முழம். பட்டு கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. பிறகு ஒரு முடிச்சைத் தொட்டு, “இது மொத ஊசி போட்டுகினு வந்த செவ்வாக்கெழம” என்றாள். அதற்கு அப்பால் முடிச்சுகள் நெருங்கின. ஒரு சாண், அரைச் சாண். நடுவில் மெல்லிய கோடுகள். தறி நின்று திரும்பத் தொடங்குகிற இடத்தில் அப்படி ஒரு கோடு விழுமாம். இன்னொரு முடிச்சைத் தொட்டாள். “இது ரெண்டாவது ஊசி. பெரிய ஊசி.” அதற்கு அப்பால் ஒரு நாள் முழுக்க நாலு விரல். அந்த நாலு விரலுக்குள் எண்ண முடியாத கோடுகள்.

நான் என் பையிலிருந்த சிகிச்சைச் சீட்டை எடுத்து ஊசி தேதிகளைப் பார்த்து, முடிச்சுகளை விரலால் எண்ணினேன். நாள் பிசகவில்லை. என் ஃபைலை விட அந்தச் சேலை ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது.

“இத கோர்ட்டுக்கு எடுத்துகினு வர முடியுமா?” என்று கேட்டேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கன்னியப்பன் மறுபடி நடையை நிறுத்தினார். இரண்டு மூன்று விநாடிதான்.

“அறுத்தாதான் வரும் மேடம்” என்றாள் தேவகி.

“அப்ப அறுத்துடுங்க” என்றேன்.

நான் களத்துமேட்டில் வளர்ந்தவள். தறியைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. கடையில் துணி கிழிப்பது மாதிரி என்று நினைத்துச் சொல்லிவிட்டேன். என்ன கேட்டேன் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கிளினிக்குக்குத் திரும்பி டாக்டரிடம் போனேன். அவர் நல்ல மனிதர். ஐந்து ஊர் கிளினிக்குகளை ஒற்றை ஆளாகப் பார்த்து அலுத்துப்போன மனிதர்.

“சார், இது ஊசியால வந்த கால் பரபரப்புன்னு நினைக்கறேன். நான் ஃபைல்ல எழுதனது தப்பு.”

“நீங்க டாக்டரா?”

“இல்ல சார்.”

“அப்ப கையெழுத்து போடுங்க. நாளைக்கு அவன் யாரையாவது வெட்டினா பேப்பர்ல உங்க பேரா வரும், என் பேரா?”

“நான் போடல சார்.”

“போடலன்னா மெமோ வரும்.”

“வரட்டும் சார்.”

வீரமாகச் சொன்னதாக நினைக்காதீர்கள். என் குடும்பத்தில் மாதச் சம்பளம் பார்த்த முதல் ஆள் நான். அந்த வேலை போனால் என்ன ஆகும் என்பது உங்களில் பலருக்கு விளக்கத் தேவையில்லை.

அன்று முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். இதை மட்டும் உங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோர்ட்டில் நின்று டாக்டர் தப்பு செய்தார் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. மருந்தின் அளவைப் பற்றிப் பேசினால் ஒரு நிமிடத்தில் என்னை உட்கார வைத்துவிடுவார்கள், சரியாகத்தான் வைப்பார்கள். ஆனால் டாக்டரின் அறிக்கை என் அறிக்கையின் மேல் நிற்கிறது. என் அறிக்கை என்னுடையது. அதை உருவிக்கொள்ள யாருடைய அனுமதியும் எனக்கு வேண்டாம்.

விசாரணை நாள் கன்னியப்பன் கோர்ட் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். போலீஸ்காரர் ஒருவர் அவர் கூடவே நடந்தார். பேர் கூப்பிட்டார்கள். உள்ளே வந்து நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் மாற்றி ஆடினார். அரசு வக்கீல் கையை நீட்டி, “பாருங்க ஐயா, நிலைமை கண்ணுக்கு நேரா தெரியுது” என்றார். அந்த அறையில் பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

மாஜிஸ்திரேட் வயதில் சின்னவர், கண்டிப்பானவர். என்னைக் கூப்பிட்டார். “உங்க அறிக்கையில் ஒத்துழைக்கவில்லைன்னு எழுதியிருக்கீங்க. டாக்டர் அறிக்கையில் உங்க கையெழுத்து இல்லை. ஏன்?”

“என் அறிக்கையை நான் திரும்ப வாங்கிக்கறேன் ஐயா. அது தப்பு. அவர் மனைவி எங்கிட்ட வந்து காரணம் சொன்னாங்க. நான் அத எழுதாம விட்டுட்டேன்.”

“என்ன காரணம்?”

“அத அவங்களே கொண்டாந்திருக்காங்க ஐயா.”

தேவகி பையிலிருந்து துணியை எடுத்து மேஜைமேல் விரித்தாள். நான் சீட்டில் இருந்த தேதிகளைப் படித்தேன், அவள் முடிச்சுகளைத் தொட்டுக் காட்டினாள். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார்.

“எனக்கு எல்லாம் ஒரே மாதிரி தெரியுது. இதை வெச்சு நான் என்ன முடிவு பண்ண முடியும்? நெசவு தெரிஞ்சவங்க யாராவது சொல்லணும்.”

ஆரணி கோர்ட்டில் நெசவு தெரிந்த ஆளுக்கா பஞ்சம்! குமாஸ்தாவே எழுந்து வரப் பார்த்தார். மாஜிஸ்திரேட் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, சுவரோரம் நின்ற ஜெயவேலுவைப் பார்த்தார். “நீங்கதானே புகார்தாரர்? நெசவாளிதானே? நீங்க பார்த்துச் சொல்லுங்க.”

அரசு வக்கீல் எழுந்து, அவர் பாதிக்கப்பட்டவர் என்றார். “அதனாலதான் கேக்கறேன். இவருக்கு ஆதரவா பேச இங்க காரணமே இல்லாத ஒரே ஆள் அவர்தான்” என்றார் மாஜிஸ்திரேட்.

கெட்டது போ என்று நினைத்தேன். முழங்கையில் தழும்போடு நிற்கிற ஆளிடமா கொடுப்பது?

ஜெயவேலு துணியைக் கையில் எடுத்தார். முதலில் அவர் கோடுகளைப் பார்க்கவில்லை. அறுத்த முனையைத்தான் பார்த்தார். பாவு நூல்கள் அங்கே பிசிறாகத் தொங்கின.

“இத யாரு அறுத்தது?”

“நாந்தான்” என்றாள் தேவகி.

“பாதி சேலையிலயா? தறியிலேருந்தா?”

தேவகி என்னைப் பார்த்தாள். ஜெயவேலு என் பக்கம் திரும்பினார். “நீ கேட்டியாம்மா?” நான் ஆமாம் என்றேன். “உனக்குத் தறின்னா இன்னான்னு தெரியாது” என்றார். திட்டுவது மாதிரி இல்லை, உள்ளதைச் சொல்வது மாதிரி இருந்தது. பிறகு மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். “ஐயா, பாதியில அறுத்தா அது சேலை இல்லீங்க. ஒண்ணுமே இல்ல. எந்த நெசவாளியும் இத செய்ய மாட்டான். ஊடு எரிஞ்சாலும் செய்ய மாட்டான்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு மாதமாகச் சாணாகவும் விரலாகவும் நெய்ததை என் ஒரு வார்த்தைக்காக அறுத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். என்னை நம்பி. அவர்கள் சொன்னதைக் காதில் வாங்காத என்னை நம்பி.

ஜெயவேலு துணியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், விரலை அடியில் கொடுத்து மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். கன்னியப்பன் கால் மாற்றிக்கொண்டே அவரைப் பார்த்தபடி இருந்தார்.

“இதுவரிக்கும் நல்ல கை” என்றார் ஜெயவேலு. “இங்கேருந்து தறி நின்னு நின்னு போயிருக்குது. போகப் போக ஜாஸ்தி. ஒரு நாளைக்கு முப்பது வாட்டி, நாப்பது வாட்டி.”

“வேலையில் அக்கறை இல்லாம விட்டிருக்கலாமே?” என்றார் வக்கீல்.

“அப்படி வராதுங்க. சோம்பேறி ஒரு வாட்டி எழுந்தா சாயந்தரந்தான் வருவான். இவன் எழுந்து எழுந்து போய்ட்டு, திரும்பத் திரும்ப வந்து உக்காந்துகீறான்.”

“சரி, புத்தி சரியில்லாததால இருக்கலாம் இல்லையா?” இதை மாஜிஸ்திரேட் கேட்டார்.

ஜெயவேலு கரையும் உடலும் சேருகிற இடத்தை இரண்டு பக்கமும் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

“இத்தினி வாட்டி எழுந்துட்டு வந்தும் ஒரு எடத்துல கூட கோர்வை தப்பல ஐயா. கரை இழை ஒண்ணு கூட மாறல. நான் நெய்தாலே ரெண்டு எடத்துல விட்டிருப்பேன். புத்தி கலங்கினவன் இப்படி நெய்ய முடியாது. இது புத்தி இல்ல, காலு.” துணியை மடித்து மேஜைமேல் வைத்தார். “ஆனா எம் பாவ இவன் அறுத்தத நான் மறக்கல. அதையும் எழுதிக்குங்க.”

மாஜிஸ்திரேட் அதையும் எழுதிக்கொண்டார்.

சென்னைக்கு அனுப்பவில்லை. வேலூரில் வேறு ஒரு டாக்டரிடம் காட்டி இரண்டு வாரத்தில் அறிக்கை வாங்கும்படி உத்தரவானது. ஏழாம் மாதம் அந்த டாக்டர் ஊசியை நிறுத்தி மருந்தை மாற்றினார். கால் ஒரே நாளில் அடங்கவில்லை, சில வாரம் பிடித்தது. நடை குறைந்தது, பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார், பிறகு தறியில். பத்தாம் மாதம் ஒரு வாரம் காதில் பேச்சு லேசாகத் திரும்பியது. அன்றைக்கே அவராகக் கிளினிக்குக்கு நடந்து வந்து என்னிடம் சொன்னார். மருந்தைக் கொஞ்சம் கூட்டினோம், நின்றது. சொன்னால் கேட்பார்கள் என்று தெரிந்ததால் வந்து சொன்னார். வேறு மந்திரம் எதுவும் இல்லை.

ஜெயவேலு மன்னித்துவிட்டார் என்று எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும். மன்னிக்கவில்லை. நான் அந்தத் தெருவுக்குப் போன காலம் வரை இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. அது அவர் உரிமை. தேவகியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். “அடுத்த வாட்டி மொதல்லயே கேளுங்க மேடம்” என்றாள், அவ்வளவுதான்.

மெமோ சொன்னபடி வந்தது. மேலதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் கோர்ட்டில் அறிக்கையைத் திரும்பப் பெற்றதற்கும், சம்பந்தமில்லாத பொருளைச் சாட்சியமாகக் கொண்டுபோனதற்கும் விளக்கம் கேட்டு. ‘அறிக்கை என்னுடையது. பொருள் சம்பந்தமுள்ளது’ என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். பிரமோஷன் மூன்று வருடம் தள்ளிப் போனது. போகட்டும். அந்த மெமோவை ஒளித்து வைக்காமல், என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்திருந்தேன். டாக்டர் அதை ஒரு நாள் பார்த்தார். அதற்குப் பிறகு வராந்தாவில் யாராவது நடந்துகொண்டிருந்தால், மருந்தை எழுதுவதற்கு முன் எழுந்துபோய், “உள்ள எறும்பு ஊறுதா?” என்று கேட்க ஆரம்பித்தார். அவரை நல்ல மனிதர் என்று சும்மா சொல்லவில்லை.

வருடம் முடிந்தது. உத்தரவை முடித்து வைக்கக் கடைசி அறிக்கை அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு படிவம் உண்டு, நீங்களும் நிரப்பப் போகிற படிவம்தான். அதில் கடைசிக் கேள்வி, ‘நோயாளி சிகிச்சைக்கு ஒத்துழைத்தாரா?’ ஆம் அல்லது இல்லை என்று எழுத அரை அங்குல இடம். அதில் நான் எழுதியதைப் பார்த்துவிட்டு ஆபீஸ் சூப்பிரண்டெண்ட் வேறு படிவத்தை எடுத்து என் முன்னால் போட்டார். மாற்றி எழுதித் தரச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். டாக்டர் படிவத்தை வாங்கிப் படித்தார், கொஞ்ச நேரம் பேனாவை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு என் கையெழுத்துக்கு மேலே தன் கையெழுத்தைப் போட்டார். அது அப்படியே கோர்ட்டுக்குப் போனது. மாஜிஸ்திரேட் அதை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்.

‘ஒத்துழைத்தார். ஏழாம் மாதத்திலிருந்து நாங்களும் ஒத்துழைத்தோம்.’